லைன்ஹால் (டெர்மினல்களுக்கு இடையே ஓட்டுவது) வேலையோடு டாக் (சரக்கு ஏற்றி இறக்கும் மேடை) வேலையும் சேர்ந்தே வருகிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புதுச்சாவி
வணக்கம். இப்போது டிரக்லோடு (வண்டி முழுக்க ஒருவருடைய சரக்கு) கம்பெனி ஒன்றில் நெடுந்தூர வண்டி ஓட்டுகிறேன். அடுத்து எப்போது வீட்டுக்குப் போவேன் என்று எனக்கே தெரியாத பிழைப்பு. அதனால் அமெரிக்காவிலேயே எல்டிஎல் (பலருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும்) கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். ராத்திரி லைன்ஹால், காலையில் வீடு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நேர்காணலில், "ஷிஃப்டின் முதல் நாலு மணி நேரம் டாக்கில் ஃபோர்க்லிஃப்ட், அப்புறம்தான் வண்டி" என்றார்கள்.

சரக்கை ஏற்றி இறக்கிவிட்டு அதே ராத்திரி டபுள்ஸ் (இரண்டு டிரெய்லர் கோர்த்த வண்டி) ஓட்ட உடம்பு தாங்குமா? மணிக்கணக்கு எப்படிப் போகும்? டாக் நேரத்துக்குச் சம்பளம் ஒழுங்காக வருமா? ஃபோர்க்லிஃப்டை நான் இதுவரை தொட்டதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டுச்சக்கரம்
ஓட்டுநரின் வேலை ஓட்டுவது. பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) தள்ளவா சிடிஎல் (கனரக வண்டி லைசென்ஸ்) எடுத்தோம்? நான் போக மாட்டேன்.

இரவுப்பாதை
பதினெட்டுச்சக்கரம் சொல்வது டிரக்லோடு உலகத்துக்குச் சரி. எல்டிஎல் வேறு. அங்கே ஒரு டிரெய்லரில் இருபது பேருடைய சரக்கு இருக்கும். ஒவ்வொரு டெர்மினலிலும் அதைப் பிரித்து, ஊர்வாரியாக அடுக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். டாக்தான் அந்தத் தொழிலின் நடு. ஓட்டுநரை அங்கே இறக்கிவிடுவது கம்பெனிக்கு வசதி, அவ்வளவுதான்.

தம்பி புதுச்சாவி, டாக் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள். ஓட்டத்துக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்று பாருங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அமெரிக்க விதிப்படி ஒரு ஷிஃப்டில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அந்த ஓட்டம் முழுக்க, நீங்கள் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். அதற்கு முன்னால் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு. டாக் வேலை 'ஓட்டாத பணிநேரம்'. அதனால் 11 குறையாது, 14 மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரவு 8 மணிக்கு வேலைக்கு வருகிறீர்கள். உங்கள் 14 மணி நேர ஜன்னல் காலை 10 வரை. 12 மணி வரை டாக். அப்புறம் டோலியைத் (இரண்டு டிரெய்லர்களை இணைக்கும் சக்கரச் சட்டம்) தள்ளி, இரண்டு பப் (28 அடிக் குட்டை) டிரெய்லர்களைக் கோர்த்து, சோதனை முடித்து வாசலைத் தாண்டும்போது மணி 1. நாலு மணி நேரம் ஓடினால் 5. எதிர் டெர்மினலில் டிரெய்லர் மாற்ற ஒரு மணி நேரம், 6. திரும்பி வர நாலு மணி நேரம், சரியாக 10. கையில் மிச்சம் ஒன்றுமில்லை. எதிர் டெர்மினலில் டிரெய்லர் தயாராகாமல் அரை மணி நேரம் நிற்க வைத்தால் நடுவழியில் வண்டியை நிறுத்த வேண்டியதுதான். டே கேபில் படுக்கவும் இடம் கிடையாது.

இதையே திருப்பிப் போடுங்கள். 8 மணிக்குக் கோர்த்து 9-க்குக் கிளம்பினால் காலை 6-க்குத் திரும்பிவிடலாம். பிறகு 10 வரை டாக். வழியில் தாமதமானாலும் 10 மணி வரை ஓட்ட இடம் இருக்கிறது. குறைவது டாக் நேரம் மட்டும்தான். வேலை அதே, மணி அதே. ஒன்றில் மூச்சுவிட இடம் இருக்கிறது, மற்றதில் இல்லை.

ஸ்டீயரிங்_அக்கா
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 14 மணி நேரம் முடிந்த பிறகு ஓட்டத்தான் கூடாது. டாக்கில் நிற்பதைக் கூட்டாட்சி விதி தடுக்கவில்லை. ஆனால் அந்த நேரமும் வாரக் கணக்கில் ஏறும்: 7 நாளில் 60 அல்லது 8 நாளில் 70. அடுத்த 10 மணி நேர ஓய்வும் டாக்கை விட்டு இறங்கிய பிறகுதான் தொடங்கும். "இன்னும் ரெண்டு மணி நேரம் இரு, டாக் ரேட் தருகிறோம்" என்று மேற்பார்வையாளர் கேட்டால், இன்று ராத்திரி எத்தனை மணிக்கு மறுபடி வர வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். காலை 10-க்கு இறங்க வேண்டியவர் 12-க்கு இறங்கினால் ராத்திரி 8 மணிக்கு வர முடியாது, 10-க்குத்தான் முடியும். வண்டிகளை அனுப்பும் டிஸ்பாட்சுக்கு அது ஞாபகம் இருக்காது. உங்களுக்கு இருக்க வேண்டும்.

புதுச்சாவி
அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் 30 நிமிட இடைவேளை எங்கே வருகிறது?

ஸ்டீயரிங்_அக்கா
மொத்தம் 8 மணி நேரம் ஓட்டியதற்குள் ஒரு முறை, தொடர்ச்சியாக 30 நிமிடம் ஓட்டாமல் இருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் விதி மாறியதிலிருந்து அது ஓய்வாக இருக்க வேண்டும் என்றில்லை. எதிர் டெர்மினலில் அரை மணி நேரம் சரக்கு இறக்கினாலும், டோலியோடு மல்லுக்கட்டினாலும் இடைவேளை கணக்கில் வந்துவிடும். சட்டத்துக்குச் சரி. முதுகுக்குச் சரியா என்று கேட்டால் பதில் வேறு.

டாக்கோடு_வாழ்க்கை
நான் டாக்கிலிருந்து ஓட்டுநரானவன். எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஃபோர்க்லிஃப்ட் தெரியாது என்று பயப்படாதீர்கள். சிடிஎல் அதற்குச் செல்லாது, கம்பெனியே பயிற்சி கொடுத்து, ஓட்டிப் பார்த்துச் சான்று தர வேண்டும். அது ஓஷா (அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு) விதி. மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது மறுபடி சோதிக்க வேண்டும். "நாலு தடவை ஓட்டினால் வந்துவிடும், ஏறு" என்று முதல் நாளே சாவியைக் கொடுத்தால், அந்த டெர்மினலில் மற்ற பாதுகாப்பெல்லாம் எப்படி இருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

டிரெய்லருக்குள் நுழையும் முன் மூன்று விஷயம் பாருங்கள். சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா. டாக் பிளேட் (மேடைக்கும் டிரெய்லருக்கும் நடுவே போடும் பாலத் தகடு) டிரெய்லர் தரையில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா. டிராக்டர் (இழுக்கும் முன்வண்டி) கழற்றிய பப் என்றால் மூக்குப் பக்கம் (முன்பக்கம்) ஜாக் ஸ்டாண்டு முட்டுக் கொடுத்திருக்கிறதா. 28 அடி பப்பின் மூக்கு வரை கனமான பேலட்டோடு போகும்போது லேண்டிங் கியருக்கு (டிரெய்லரைத் தாங்கும் கால்களுக்கு) முன்னால் பாரம் போகிறது. முட்டு இல்லாவிட்டால் டிரெய்லர் மூக்கு குத்தி, ஃபோர்க்லிஃப்டும் ஆளும் உள்ளே சரிய வாய்ப்பிருக்கிறது.

ஓட்டும்போது ஃபோர்க்லிஃப்டின் முள்ளைத் தாழ்த்தி, மாஸ்டைக் (முள்ளைத் தாங்கும் கம்பத்தை) கொஞ்சம் பின்னால் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பேலட் உயரமாக இருந்து முன்னால் தெரியாவிட்டால் ரிவர்ஸில் போங்கள். குறுக்குச் சந்தில் ஹாரன். டாக்கில் ஓடுபவை பெரும்பாலும் கெட்டி ரப்பர் சக்கரம், சஸ்பென்ஷன் கிடையாது. பிளேட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் "டங்" என்று இடுப்பில் இறங்கும். வேகத்தைக் குறைத்துத் தாண்டப் பழகுங்கள். முதல் மாதம் யாரும் உங்களைப் பாராட்டப் போவதில்லை, ஐந்தாவது வருடம் உங்கள் இடுப்பு பாராட்டும்.

இன்னொன்று. டாக்கில் நின்றவன் நல்ல லைன்ஹால் ஓட்டுநர் ஆவான் என்பது என் கருத்து. லைன்ஹாலில் அடுத்தவர் ஏற்றிய, சீல் வைத்த டிரெய்லரைத்தான் இழுக்கிறீர்கள். உள்ளே டிரம்மின் தலைமேல் இலேசான அட்டைப்பெட்டி இருக்கிறதா, அட்டைப்பெட்டியின் தலைமேல் டிரம் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. டாக்கில் இருந்தால் தெரியும். கதவை இறக்கும் முன் கடைசி வரிசைக்கு லோடு பார் (சரக்கைத் தடுக்கும் குறுக்குக் கம்பி) போட்டார்களா, ஷ்ரிங்க் சுற்றிய பேலட் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று ஒரு பார்வை போதும். அந்த டிரெய்லரோடு எந்த வளைவில் எவ்வளவு வேகம் போகலாம் என்று முடிவு செய்துவிடலாம்.

பதினெட்டுச்சக்கரம்
நல்லதுதான். ஆனால் அதை ஏற்றுவதற்கென்று சம்பளம் வாங்குகிறவரும் பார்க்கலாமே. ஓட்டுநர் களைத்துப்போய் 80,000 பவுண்டு வண்டியில் ஏறுவதற்கு இது சமாதானமா?

இரவுப்பாதை
சமாதானம் இல்லை. களைப்பைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள்.

டாக்கில் இருக்கும்போது தூக்கம் வராது. உடம்பு சூடாக இருக்கும், கை கால் ஓடிக்கொண்டிருக்கும், ஹாரன் சத்தம், ரேடியோவில் யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். ஆபத்து அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில்தான். வியர்த்த சட்டையோடு கேபினில் ஏறி, ஹீட்டரைப் போட்டு, நேரான நெடுஞ்சாலையில் விழுந்தவுடன் உடம்பு "அப்பாடா" என்கிறது. அது அதிகாலை 2-லிருந்து 6-க்குள் என்றால் கேட்கவே வேண்டாம், மனித உடம்பு இயல்பாகவே மந்தமாகும் நேரம் அது. குளிர்காலத்தில் டாக் கதவு இடுக்கில் வரும் காற்றில் நடுங்கிவிட்டுச் சூடான கேபினுக்குப் போனால் இன்னும் மோசம்.

நான் செய்வது இது. டாக் முடிந்ததும் உடனே ஏறுவதில்லை. சட்டை மாற்றுவேன். காலணியும்தான், டாக்குக்கு ஒன்று, ஓட்ட ஒன்று. கோர்க்கும் வேலையை நிதானமாகச் செய்து உடம்பை ஆறவிடுவேன். கேபினைச் சூடாக்காமல் கொஞ்சம் குளிராகவே வைப்பேன். சாப்பாட்டை டாக்குக்கு முன்னால் முடித்துக்கொள்வேன், ஓட்டத்துக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை. இவ்வளவுக்கும் மீறிக் கண் சொக்கினால் நிறுத்திவிட வேண்டும். ஓட்ட முடியாத அளவுக்குக் களைத்தவர் ஓட்டக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. ஓட்டச் சொல்லவும் கம்பெனிக்கு உரிமை இல்லை.

இதனால்தான் "முதலில் டாக், அப்புறம் ஓட்டம்" எனக்குப் பிடிக்காது. மணிக்கணக்கு மட்டும் காரணமில்லை.

வடக்குலொறி
கனடாப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன் தம்பி. இங்கே கணக்கு சற்று வேறு. 60 பாகை அட்சக்கோட்டுக்குத் தெற்கே ஒரு நாளில் 13 மணித்தியாலம் ஓடலாம், 14 மணித்தியாலம் பணியில் இருந்த பிறகு ஓடக்கூடாது, எல்லாம் 16 மணித்தியால வீச்சுக்குள் முடிய வேண்டும். டாக் வேலை அந்த 14-இல் ஏறும். இடையில் உண்மையாகவே ஓய்வு எடுத்தால் அது 14-இல் ஏறாது, 16-இல் மட்டும் ஏறும். எல்லை தாண்டினால் அமெரிக்காவின் 14 தான், அது ஓய்வு எடுத்தாலும் நிற்காது. இரண்டு பக்கமும் ஓடுகிற பெடியள் இதில்தான் குழம்புகிறவை.

மைல்_கணக்கர்
சம்பளம் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

லைன்ஹாலுக்குப் பெரும்பாலும் மைல் ரேட். டாக்குக்கு மணி ரேட். கம்பெனி சொல்லும் மைல் ரேட்டை எடுத்து, உங்கள் ஓட்டத்தில் ஒரு மணிக்கு உண்மையில் எத்தனை மைல் வருமோ அதால் பெருக்குங்கள். 65 என்று போடாதீர்கள், நகரம், மலை, எடை மேடை எல்லாம் சேர்த்து 50 அல்லது 55 வந்தாலே நல்லது. வந்த தொகையையும் டாக் மணி ரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் டாக் குறைவாகத்தான் இருக்கும். இடைவெளி சின்னதென்றால் டாக் உங்களுக்குக் கூடுதல் வருமானம். பெரிதென்றால், ஓட்ட வேண்டிய நேரத்தை மலிவு ரேட்டுக்கு விற்கிறீர்கள்.

ஆனால் இந்த ஒப்பீடு, டாக் இல்லாவிட்டால் உங்களுக்கு இன்னும் மைல் கிடைக்கும் என்றால்தான் செல்லும். உங்கள் ஓட்டம் 8 மணி நேரத்தில் முடிகிறது, மேலே மைல் கிடையாது என்றால், டாக் மணி ரேட்டை வீட்டில் இருப்பதோடுதான் ஒப்பிட வேண்டும். பலர் இதைக் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

கூடுதல் நேரச் சம்பளம்: மாநிலங்களுக்கு இடையே போகும் சரக்கைக் கையாளும் ஓட்டுநர்கள் கூட்டாட்சி ஓவர்டைம் விதிக்கு வெளியே நிற்கிறார்கள். வண்டியின் பாதுகாப்பைப் பாதிக்கிற மாதிரி சரக்கு ஏற்றுபவர்களும் அந்த விலக்கில் வருகிறார்கள். ஆகவே "வாரத்துக்கு 40 தாண்டினால் ஒன்றரை மடங்கு தானாக வரும்" என்று நினைக்காதீர்கள். கம்பெனி தானாகத் தரலாம், யூனியன் ஒப்பந்தத்தில் இருக்கலாம், மாநிலச் சட்டத்தில் இருக்கலாம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிரெய்லர் மாற்றும் நேரம், காத்திருக்கும் நேரம், கோர்ப்பது, கழற்றுவது இதற்கெல்லாம் என்ன ரேட் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பணம் ஒழுகுவது அங்கேதான்.

பகல்வண்டி
பிக்கப்-டெலிவரி (ஊருக்குள் சரக்கு எடுப்பது, கொடுப்பது) பக்கமும் யோசியுங்கள். காலையில் ஒரு மணி நேரம் டாக்கில் நின்று நம் டிரெய்லரை நாமே பார்த்து ஏற்றிக்கொள்கிறோம். கடைசி டெலிவரி மூக்கில், முதல் டெலிவரி கதவருகே. யாரோ தூக்கக் கலக்கத்தில் தலைகீழாக ஏற்றியதை நடுரோட்டில் மாற்றி அடுக்கும் துன்பம் இல்லை. புறப்பட்ட இடத்திலிருந்து 150 வான் மைலுக்குள் (நேர்கோட்டில் அளந்த தூரம்), 14 மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டால் குறுந்தூர விலக்கு கிடைக்கும், இஎல்டி (மின்னணு நேரப் பதிவுக் கருவி) தேவையில்லை, 30 நிமிட இடைவேளை விதியும் இல்லை. நேரப் பதிவு மட்டும் கம்பெனி வைத்திருக்க வேண்டும்.

உடம்பு வலி? இருக்கிறது. லிஃப்ட்கேட்டில் பேலட் ஜாக்கோடு சரிவில் நின்றவனுக்குத் தெரியும். ஆனால் ராத்திரி தூங்குகிறேன்.

புதுச்சாவி
பகல் வேலை கேட்டேன். "முதலில் காம்போ (டாக்கும் ஓட்டமும் கலந்தது), அப்புறம் சீனியாரிட்டி வந்தால் பிட் (விரும்பிய ஓட்டத்துக்கு விண்ணப்பம்) போடலாம்" என்கிறார்கள்.

டாக்கோடு_வாழ்க்கை
எல்லா இடத்திலும் அப்படித்தான். நல்ல ஓட்டங்களைப் பழையவர்கள் பிட்டில் எடுத்துவிடுவார்கள். மிச்சம் எக்ஸ்ட்ரா போர்டும் (கூப்பிட்டால் வரும் வேலை) டாக் கலந்த வேலையும். எத்தனை வருடத்தில் சுத்த ஓட்டம் கிடைக்கும் என்று மேலாளரிடம் கேட்காதீர்கள், அவர் நல்ல பதிலாகச் சொல்வார். ஓட்டுநர் அறையில் கடைசியாகச் சேர்ந்தவர் யார், அவருக்கு முன்னால் சேர்ந்தவருக்கு இப்போது என்ன வேலை என்று கேளுங்கள்.

சீனியாரிட்டியை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். 2023-இல் எல்லோ என்ற பெரிய எல்டிஎல் கம்பெனி மூடியபோது எத்தனையோ வருட சீனியாரிட்டி ஒரே நாளில் காகிதமானது. வேறு கம்பெனிக்குப் போனவர்கள் பட்டியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அப்போதும் கையில் இருந்தது எண்டார்ஸ்மென்ட்டும் (லைசென்ஸில் சேரும் கூடுதல் தகுதி) சுத்தமான ரெக்கார்டும்தான். டபுள்ஸ் எண்டார்ஸ்மென்ட், ஹாஸ்மேட் (ஆபத்துப் பொருள்) இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஹாஸ்மேட்டுக்குப் பின்னணிச் சோதனை உண்டு, நேரம் பிடிக்கும், இப்போதே தொடங்குங்கள். டாக்கில் ஆபத்துப் பொருளைக் கையாள்கிறவருக்கும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பயிற்சி கட்டாயம். எதை எதோடு ஏற்றக்கூடாது, 1,001 பவுண்டு தொட்டால் எந்த வகைக்கு எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும் என்பதெல்லாம் அங்கே கையோடு பழகிவிடும்.

ஸ்டீயரிங்_அக்கா
ஒரு எச்சரிக்கை. டாக் நேரத்தை லாகில் (ஓட்டுநரின் நேரப் பதிவேட்டில்) 'ஆஃப் டியூட்டி' என்று போடச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. நான் முன்பு இருந்த ஒரு இடத்தில், "டாக் வேறு கணக்கு, பஞ்ச் கார்டில் போட்டுக்கொள், லாகில் வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் தாருங்கள் என்றேன், தரவில்லை. ஏற்றுவது, இறக்குவது, ஏற்றுவதை மேற்பார்ப்பது எல்லாமே பணிநேரம். விபத்து என்று வந்தால் பஞ்ச் கார்டையும் லாகையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பொய்யான லாக் உங்கள் பெயரில் இருக்கும், சொன்னவர் பெயரில் இருக்காது.

விடுமுறை நாளில் வெளியே வேறு கிடங்கில் கூலிக்கு நின்றாலும் அப்படித்தான். ஊதியம் வாங்கும் எந்த வேலையும் பணிநேரம், ஓட்டுநர் கம்பெனியிடம் சொல்லியாக வேண்டும். 34 மணி நேர ரீஸ்டார்ட்டின் (வாரக் கணக்கைப் புதிதாகத் தொடங்க எடுக்கும் தொடர் ஓய்வு) நடுவில் அது விழுந்தால் ரீஸ்டார்ட்டே உடைந்துவிடும்.

பதினெட்டுச்சக்கரம்
இவ்வளவு படித்த பிறகும் நான் போக மாட்டேன். ஆனால் அக்கா சொன்ன பஞ்ச் கார்டு விஷயத்தை நம் பையன்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

புதுச்சாவி
நாளை மறுநாள் மறுபடி டெர்மினலுக்குப் போகிறேன். ஓட்டம் முதலில், டாக் பின்னால் என்று மாற்றித் தர முடியுமா என்று கேட்கலாமா? புதுசாகச் சேர்பவன் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

இரவுப்பாதை
கேட்கலாம். ஆனால் அவர்கள் கை எங்கே கட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். சாயங்காலம் பிக்கப் வண்டிகள் திரும்பி வரும்போதுதான் அந்தச் சரக்கு டாக்கில் குவியும். அதை ஏற்றினால்தான் லைன்ஹால் டிரெய்லர் நிறையும், நிறைந்தால்தான் நீங்கள் கிளம்புவீர்கள். பிக்கப் சரக்கை ஏற்றுகிற டெர்மினலில் முதல் நாலு மணி நேரம் டாக் என்பது அதனால்தான். அதை மாற்றச் சொன்னால் யாரை வைத்து ஏற்றுவார்கள்? விடியற்காலை இறக்குகிற வேலையில் ஆள் தேவைப்பட்டால் மாற்றித் தருவார்கள். ஆகவே "காலையில் உள்ளே வரும் டிரெய்லர்களைப் பிரிக்க ஆள் குறைவாக இருக்கிறதா, நான் அதில் நிற்கிறேன்" என்று கேளுங்கள்.

முடியாது என்றால் டாக் நேரத்துக்கு உச்சவரம்பு கேளுங்கள். நாலு மணி நேரம் என்று சொல்லிவிட்டு, சரக்கு கூடிய நாளில் ஐந்தரை ஆகும். அப்போதும் ஓட்டம் அதேதான் என்றால், மேலே நான் போட்ட கணக்கில் நீங்கள் காலை 10 மணிக்கு டெர்மினலுக்குத் திரும்ப முடியாது. பனி எதிர்பாராமல் கொட்டினால் கூடுதலாக இரண்டு மணி நேரம் தர விதியில் இடமுண்டு. டாக்கில் தாமதம் என்பதற்கு அது கிடையாது.

பகல்வண்டி
கூடவே, வாசலில் நிற்கும் டோலியை ஒரு தடவை கையால் நகர்த்திப் பாருங்கள். டயரில் காற்று இல்லாமல், இணைப்பு ஆணி துருப்பிடித்துக் கிடந்தால் ராத்திரி 12 மணிக்குப் பனியில் அதைத் தள்ளப்போவது நீங்கள்தான்.

வடக்குலொறி
பாரம் கூடின பப்பை முன்னுக்குப் போடச் சொல்லுகிறவையா, இல்லை எது கையில் கிடைத்ததோ அதைக் கோர்க்கிறவையா என்றும் பாருங்கோ தம்பி. டாக்கில் பில் எடையைச் சரியாகப் பதிகிற இடம் என்றால் அது ஒழுங்காக நடக்கும். பாரம் கூடினது பின்னுக்குப் போனால் பின்வண்டி வால் ஆட்டும், ஈரத்தில் அதைப் பிடிக்க ஏலாது.

புதுச்சாவி
குறித்துக்கொண்டேன். காலை டாக்கில் ஆள் தேவையா என்பதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன். உச்சவரம்பை எழுத்தில் தருவார்களா என்பது அடுத்தது. போய்வந்து இங்கேயே எழுதுகிறேன்.